டீசல் இருந்தும் லொறி நின்றால்



விளக்கில் எண்ணெய் இல்லாமல் வாசலில் நின்றுவிட்ட ஐந்து கன்னியரின் உவமையை நாம் சிறுவயது முதலே அறிவோம். இப்பாடத்தில் நாம் பார்க்கப்போவது வேறு விதமான ஒரு நிலைமை. எண்ணெய் நிறைய இருக்கிறது. ஆனால் அது திரிக்கு வந்து சேரவில்லை. பழைய சிறிய டீசல் லொறிகள் பாரத்துடன் வழியில் நின்றுவிடும்போது அநேகமாக இதுதான் நடக்கிறது.

எமது பகுதியில், இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணிகளிற் பயிர் செய்யும் சில குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய லொறி ஒன்று உண்டு. வாங்கும்போதே 25 வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. கத்தரி, மிளகாய், பயிற்றங்காய் என்று வாரத்தில் இரண்டு நாள் கிளிநொச்சிச் சந்தைக்கும், வத்தகப்பழக் காலத்தில் ஏ-9 வீதியால் தம்புள்ளைக்கும் அது ஓடும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி தணிந்தபின் ஒரு நாள், நிறைந்த பாரத்துடன் மாங்குளத்தைத் தாண்டும்போது லொறியின் இழுவை குறைந்தது; சற்றுத் தூரத்தில் நின்றேவிட்டது. கால் மணித்தியாலம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடவாததுபோல எஞ்சின் ஓடியது. பின்னர் வவுனியாவுக்கு முன் மறுபடியும் நின்றது. தம்புள்ளைக்குப் போய்ச் சேர்ந்தபோது விடியற்காலை வியாபாரம் முடிந்திருந்தது. அன்று பழத்துக்குக் கிடைத்த விலை ஏற்றுகூலிக்கும் காணவில்லை.

கராஜ் ஒன்றில் காட்டினோம். “டீசல் பம்ப் முடிந்துவிட்டது” என்றார்கள். பம்பைக் கழற்றி வவுனியாவுக்கு அனுப்பித் திருத்தியெடுத்துப் பூட்டியபோது, அந்தப் போகத்து மிளகாய்க் காசு முழுவதும் அதற்கே போனது. அடுத்த பயணத்தில் லொறி அதே மாதிரி நின்றது. கராஜ்காரரில் மாத்திரம் குறை சொல்வதற்கில்லை. லொறி எப்படி நின்றது, எவ்வளவு நேரத்தின்பின் திரும்ப ஓடியது, புகை வந்ததா இல்லையா என்று நாம் ஒழுங்காகச் சொல்லவில்லை. “இழுவை இல்லை, பாருங்கோ” என்று மட்டுந்தான் சொன்னோம்.

கடைசியில் நீண்டகாலம் லொறி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் வந்து, “தம்பியவை, பம்பைக் கழட்ட முன்னம் ஒரு கான் டீசலை மேல கட்டிப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார். இப்பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

டீசல் போகும் பாதை

முதலில் பாதையை விளங்கிக்கொள்வோம். தாங்கியின் உள்ளே அடிவரை இறங்கும் ஓர் உறிஞ்சு குழாய். அதன் நுனியில் பெரும்பாலும் ஒரு சிறு வலை. அங்கிருந்து அடிச்சட்டத்தின் வழியே உலோகக் குழாயும் றப்பர்க் குழாயுமாக மாறி மாறி முன்னே வருகிறது. பின் தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், பில்டர், அதற்கப்பால் டீசல் பம்ப். பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வோர் இரும்புக் குழாய், அவற்றின் முடிவில் இன்ஜெக்டர்கள். மிஞ்சும் டீசல் திரும்பும் குழாய் வழியாகத் தாங்கிக்கே போகிறது.

பழைய இசுசு எல்ஃப், மிற்சுபிசி கன்ரர் போன்ற வண்டிகளில் இரண்டு வகையான அமைப்புகளைக் காணலாம். ஒன்றில், நீளமான டீசல் பம்பின் பக்கத்திலேயே டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய ஊட்டுப் பம்ப் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அதன் தலையில் கையால் அடிக்கும் குமிழ் இருக்கும். மற்றதில் டீசல் பம்ப் உருண்டையாகவும் சிறிதாகவும் இருக்கும். இழுக்கும் வேலையையும் அதுவே உள்ளே செய்யும். கையால் அடிக்கும் பம்ப் பில்டரின் தலையில் இருக்கும். உங்கள் லொறி எந்த வகை என்பதை இன்றே திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இது முக்கியம்? முதல் வகையில் தாங்கியிலிருந்து ஊட்டுப் பம்ப் வரைதான் உறிஞ்சும் பக்கம். அதற்கப்பால் டீசல் தள்ளப்படுகிறது. இரண்டாவது வகையில் தாங்கி தொடக்கம், பில்டரும் உட்பட, டீசல் பம்பின் வாசல்வரை முழுவதும் உறிஞ்சும் பக்கமே. தள்ளும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே கசிந்து நனையும், கண்ணால் காணலாம். உறிஞ்சும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். குழாய் காய்ந்திருக்கிறது, ஆகவே பழுதில்லை என்று முடிவுகட்டுவது இதனாற்றான் தவறாகிறது.

புகையைப் பாருங்கள்

சாவியைக் கையில் எடுக்குமுன் சைலன்சரின் பின்னால் ஒருவர் நிற்கட்டும். எஞ்சின் ஸ்ரார்ட் ஆகாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது புகையே வரவில்லையென்றால், டீசல் சிலிண்டருக்கு வரவில்லை. வெள்ளைப் புகையோ சாம்பல் நிறப் புகையோ வந்தால் டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது சூடாக்கும் பிளக், சிலிண்டரின் அமுக்கம், இன்ஜெக்டர், பம்பின் நேரம் முதலியவற்றைப் பார்க்கவேண்டும். தாங்கியையும் பில்டரையும் கிண்டுவதில் பயனில்லை.

ஓடும்போதும் அப்படியே. இழுவை குறைந்து, கூடவே கரும்புகை கக்கினால் அது டீசல் போதாத நோயல்ல. காற்றுப் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். எமது செம்மண் வீதிகளில் அது சீக்கிரம் அடைபடும். இழுவை குறைகிறது, புகையும் இல்லை, அக்சிலேற்றரை மிதித்தாலும் எஞ்சின் கேட்கவில்லை என்றால் அதுவே டீசல் பட்டினி. எமது லொறி மாங்குளத்தில் புகையில்லாமல்தான் நின்றது. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஸ்ரார்ட் செய்யும்போது ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் சுற்றவேண்டாம். பற்றறியும் ஸ்ராட்டர் மோட்டரும் வீணாகிவிடும்.

இன்னொன்று. உருண்டை வகைப் பம்புகளில் டீசலை நிறுத்தும் மின்வால்வு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பும்போது பம்பின் மேல் காதை வைத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால், அதற்கு வரும் வயரைத் துடைத்து இறுக்கிப் பாருங்கள். எஞ்சினை நிறுத்துவதற்குக் கம்பி இழுக்கும் வண்டியாயின், அந்தக் கம்பி முழுவதும் உள்ளே திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த கம்பி பாதியில் நின்று, பம்ப் பழுதென்று பெயர் எடுப்பதுண்டு.

கானைக் கட்டிப் பார்த்தல்

இப்போது பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். பாதை நீளமானது. தாங்கியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டு வந்தால் ஒரு நாள் போதாது. கழற்றிப் பூட்டும்போது புதிய கசிவுகளும் உண்டாகும். ஆகையால் பாதையை நடுவிலே இரண்டாகப் பிரித்து, பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று முதலில் அறிவதே புத்தி.

வேண்டியவை இவைதான்: சுத்தமான 5 லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்று, அதில் வடித்தெடுத்த நல்ல டீசல், மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் கண்ணாடிபோன்ற தெளிவான குழாய் 2 மீற்றர், இறுக்குவதற்குக் கிளிப்புகள். அந்தக் குழாய் டீசலில் நெடுநாள் கிடந்தால் விறைத்து வெடிக்கும். சோதனைக்கு மட்டும் பாவித்துக் கழற்றிவிட வேண்டும்.

கானை டீசல் பம்பைவிட ஏறக்குறைய 1 மீற்றர் உயரத்தில், எஞ்சின் ஆடினாலும் விழாதவாறு கட்டுங்கள். புகைபோக்கிக் குழாய்க்கும் பற்றறிக்கும் அருகில் வேண்டாம். அருகில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். பீடி சிகரட் அப்பாலே. கானிலிருந்து வரும் குழாயை உருண்டை வகையாயின் டீசல் பம்பின் வாசலில் நேராகக் கொடுங்கள். ஊட்டுப் பம்ப் உள்ள வகையாயின் அந்த ஊட்டுப் பம்பின் வாசலில் கொடுங்கள். திரும்பும் குழாயைக் கழற்றி அதன் வாயையும் அந்தக் கானிலேயே விட்டால் நல்லது. அதைத் தாங்கிக்கே விட்டால் கான் நீங்கள் நினைப்பதைவிட விரைவில் வெறுமையாகும். அப்போது பழுது வேறெங்கோ என்று ஏமாந்துபோவீர்கள். கையால் பம்ப் அடித்து, காற்றெடுத்து, எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். நின்ற இடத்தில் சும்மா ஓடுவதைப் பார்த்துத் திருப்திப்படவேண்டாம். பழுது எந்த நிலைமையில் தெரிந்ததோ அந்த நிலைமையைக் கொடுக்கவேண்டும். கானை உறுதியாகக் கட்டியபின், பாரம் ஏற்றி, ஆளரவமற்ற வீதியில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

கானிலிருந்து நன்றாக ஓடினால் பழுது பின்பக்கத்தில்: தாங்கி, வலை, குழாய், தண்ணீர்க் கிண்ணம், உருண்டை வகையாயின் பில்டர் ஆகியவற்றில். கானிலிருந்தும் அதே வருத்தம் என்றால் முன்பக்கத்தில்: பம்ப், இன்ஜெக்டர், ஊட்டுப் பம்ப் உள்ள வகையாயின் ஊட்டுப் பம்பும் பில்டரும், அல்லது டீசலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பம்புக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி யோசிப்பது இதன் பின்னர்தான்.

எமது லொறி கானிலிருந்து பழைய வலுவோடு இழுத்தது. திருத்தியெடுத்த பம்பில் முதலிலேயே பெரிய பழுதொன்றும் இருந்திருக்காது என்று அப்போதுதான் விளங்கியது. தாங்கியை இறக்கி அலசியபோது ஒரு துணித்துண்டு வந்தது. 2022 இல் வரிசையில் நின்று கானில் வாங்கிவந்த டீசலுக்கு மூடியில்லாமல், யாரோ துணியைக் கிழித்து அடைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதி தாங்கிக்குள் போயிருக்கிறது. எஞ்சின் இழுக்க இழுக்க அந்தத் துணி உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டும்; எஞ்சின் நின்றதும் மெல்ல விலகும். கால் மணித்தியாலம் ஆறவிட்டால் லொறி ஓடியதன் இரகசியம் அதுவே.

தாங்கியின் பக்கத்தில்

நின்று, ஆறி, திரும்ப ஓடும் வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தாங்கி மூடியில் காற்று உள்ளே வர ஒரு சிறு துவாரம் இருக்கிறது. புழுதியால் அது அடைபட்டால், டீசல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்கமுடியாமற் போகிறது. லொறி நின்றவுடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால், உடனே எஞ்சினும் ஓடினால், துவாரத்தைத் துப்புரவாக்குவதுடன் வேலை முடிந்தது. மூடியைத் திறந்தும் வித்தியாசம் இல்லையென்றால் வலையையும் குழாயையும் பார்க்கவேண்டும்.

குழாய் அடைப்பை அறிய, மூடியைத் திறந்துவிட்டு, முன்பக்கத்தில் குழாயைக் கழற்றிச் சைக்கிள் பம்பினால் பின்னோக்கிக் காற்றடியுங்கள். ஒருவர் தாங்கியின் வாயில் காதை வைத்திருக்கட்டும். தாராளமாகக் குமிழ் கொதிக்கும் சத்தம் கேட்கவேண்டும். கராஜிலுள்ள கொம்பிரசர் காற்றை முழு வேகத்தில் விட்டால் பழைய றப்பர் வெடித்துவிடும். டீசலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் எம்மிடையே இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். வயிற்றுக்குள் போவதைவிட, ஒரு மிடறு சுவாசப்பைக்குள் போவதே பெரிய ஆபத்து. தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கையால் அடிக்கும் பம்பும் பல விடயங்களைச் சொல்லும். நல்ல நிலைமையில், சில தடவை அடித்ததும் அது இறுகவேண்டும். எவ்வளவு அடித்தாலும் இறுகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது அதனுள் இருக்கும் வால்வு பிடிக்கவில்லை. அமத்திய குமிழ் மேலே எழும்ப மறுத்துத் தாமதித்தால் பின்னால் அடைப்பு. ஊட்டுப் பம்ப் உள்ள வண்டிகளில், அதன் வாசல் போல்ற்றினுள் விரல்நுனி அளவான ஒரு வலை இருப்பதுண்டு. பில்டரை ஒழுங்காக மாற்றுபவர்களும் இதை அறியாமல் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கழற்றிக் கழுவிப் பூட்ட ஐந்து நிமிடம் போதும்.

காலையில் எழுந்தால் ஸ்ரார்ட் இல்லை, ஒருமுறை பிடித்துவிட்டால் பகல் முழுவதும் வருத்தமில்லை என்பது பெரும்பாலும் “எயர் பிடிக்கிற” வருத்தம். இரவில் சிறு வெடிப்பினால் காற்று நுழைந்து, குழாயிலுள்ள டீசல் தாங்கிக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. ஒரு நாள் இரவு லொறியின் முன்பக்கம் சரிவில் தாழ்ந்திருக்க நிறுத்துங்கள். (கையை நம்பாமல் சில்லுக்குக் கல்லும் வையுங்கள்.) அடுத்த நாட் காலையில் சுகமாக ஸ்ரார்ட் ஆனால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிறது. பின்பு பம்பின் வாசலுக்குமுன் அந்தத் தெளிவான குழாயில் ஒரு சாண் துண்டை இடையில் பூட்டி எஞ்சினை ஓட்டினால் குமிழிகள் ஓடுவதைக் காணலாம். அத்துண்டைத் தாங்கிப் பக்கமாக ஒவ்வோர் இணைப்பாகப் பின்னே நகர்த்துங்கள். எந்த இணைப்புக்கு முன்னால் குமிழி இருந்து, பின்னால் இல்லையோ, அந்த இணைப்பில்தான் காற்று நுழைகிறது. வெடித்த றப்பர், தளர்ந்த கிளிப், நசிந்த செம்பு வாசர் என்று அநேகமாகச் சில நூறு ரூபாய்க் காரியமாகவே அது முடியும். புதிய செம்பு வாசர் கிடைக்காத இடத்தில், பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும், ஒருமுறை பாவிக்கலாம்.

தண்ணீரும் பீப்பாவும்

பில்டருக்குக் கீழே அல்லது தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் அரைப்போத்தல் பிடித்து ஒரு மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட இலேசானது. தண்ணீர் அடியில் தங்கும். இரண்டுக்கும் இடையில் கறுப்பாகவோ மண்ணிறமாகவோ சளிபோன்ற ஒரு படை தெரிந்தால், அது நுண்ணுயிர்கள் வளர்ந்து உண்டானது. தண்ணீர் இல்லாத டீசலில் அவை பெருகுவதில்லை. இடம்பெயர்வின்போது கைவிட்டுப்போய், பல வருடத்தின்பின் மீட்ட வண்டிகளின் தாங்கிகளில் இந்தச் சளியும் துருவும் நிறைந்திருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அப்படியான தாங்கியை இறக்கிக் கழுவாமல் புது டீசல் ஊற்றி ஓட்டுவது, இருக்கும் பம்பையும் இழப்பதற்கு வழி.

2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அவ்வருடம் யூலை மாதத்தில் கியூ.ஆர். முறை வந்தபின்னரும் கிடைத்ததைக் கிடைத்த பாத்திரத்தில் சேர்த்து வைத்தோம். அந்தப் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. சேர்த்து வைப்பதாயின் நாகமுலாம் பூசிய வாளியிலும் பீப்பாவிலும் வைக்கவேண்டாம். அந்த முலாம் டீசலுடன் தாக்கமுற்று, உண்டாகும் கழிவு பில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். பீப்பாவை வெளியில் நிமிர்த்தி வைத்தால், மேல்தட்டில் தேங்கும் மழைத்தண்ணீர் மூடியின் புரியினூடாக உள்ளே போகும். பகலில் சூடேறி விரிந்த காற்று இரவில் குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீரை உள்ளே இழுக்கிறது. கூரைக்குக் கீழே, சற்றுச் சரித்து வையுங்கள். ஊற்றிய டீசலை ஒரு நாளாவது அடையவிட்டு மேலிருந்து எடுங்கள்; அடியில் நாலு விரற்கடை அளவைத் தொடாதீர்கள்.

காகிதப் பில்டரைப் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடுகிறார்கள். கழுவியபின் அழுக்கு மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. மாற்றத்தான் வேண்டும். புதிய பில்டருக்குள் கானிலிருந்து டீசலை ஊற்றி நிரப்புவதும் கூடாது; அந்த டீசல் வடிகட்டப்படாமல் நேரே பம்புக்குப் போகும். வெறுமையாகப் பூட்டிக் கையால் பம்ப் அடித்து நிரப்புங்கள். அடிக்கும்போது பில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை விட்டு, பம்ப் அடித்துக்கொண்டே இறுக்கவேண்டும்.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின், மொரிஸ் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய மக்கள் நாம். சில துளி பெற்றோலில் பிடித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்தக் கைத்திறனை எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அவை பெற்றோல் எஞ்சின்கள். காபிரேற்றரில் எண்ணெய்ப் பசை தேவைப்படும் நுண்ணிய இரும்புப் பகுதிகள் இல்லை. டீசல் பம்பின் உள்ளே இரும்பும் இரும்பும் மயிரிழையிலும் குறைந்த இடைவெளியில் உராய்கின்றன. உருண்டை வகையில் அவற்றுக்குப் பசை கொடுப்பது அதனூடாகப் போகும் டீசல் ஒன்றே. மண்ணெண்ணெய் மெலிந்தது. கலந்து ஓட்டும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் பம்ப் தேய்கிறது. சூட்டில் ஸ்ரார்ட் ஆகாமல் குளிர்ந்தபின் மட்டும் ஸ்ரார்ட் ஆகும் பம்புகள் அநேகமாக இப்படித் தேய்ந்தவையே. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயரும்வரை இந்தக் கலவையில் ஆசை பெரிதாக இருந்தது. அப்போது சேமித்த காசு பம்புக் கடையில் செலவாகியிருக்கிறது.

முன்பக்கத்தில்

கான் சோதனை முன்பக்கத்தைக் காட்டினால், நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, இன்ஜெக்டருக்கு வரும் இரும்புக் குழாயின் நட்டைத் துணியால் மூடி அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். பின்பு இறுக்கி அடுத்ததைத் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, வேலை செய்யாத சிலிண்டர் அதுவே. அந்த ஒரு இன்ஜெக்டரை மாத்திரம் கழற்றிச் சோதிக்கக் கொடுக்கலாம்.

இதை வாசிப்பவர்கள் அடுத்ததையும் கட்டாயம் வாசிக்கவேண்டும். இன்ஜெக்டர் வாயிலிருந்து சீறும் டீசலின் எதிரே கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், நோவும் முதலில் அதிகம் இராது. ஆனால் உடனே வைத்தியசாலைக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். என்ன நடந்தது என்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். மேலும், நாம் சொன்ன நட்டுத் தளர்த்தும் முறை பழைய இயந்திரப் பம்புகளுக்கு மட்டுமே. கொமன் ரெயில் எனப்படும் புதிய எஞ்சின்களில் அழுத்தம் பல மடங்கு அதிகம். அவற்றில் அந்த நட்டுகளை எக்காரணங்கொண்டும் தளர்த்தக்கூடாது.

பம்பைத் திறப்பது வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையல்ல. அதற்குச் சோதனை மேசை வேண்டும். ஆனால் கொடுக்கும்போது, “கான் கட்டி ஓட்டினோம், அப்போதும் இழுவையில்லை, கரும்புகை இல்லை, காற்றுக் குமிழி இல்லை” என்று சொல்லிக் கொடுங்கள். கழற்றிய பழைய பகுதிகளைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். இப்போது எமது லொறியில் ஒரு கொப்பி இருக்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு பாரத்துடன், எத்தனை நிமிடத்தின்பின் நின்றது, என்ன புகை என்று சாரதி எழுதுகிறார். அந்தக் கொப்பியைக் கண்ட ஒரு மெக்கானிக், தன் வேலையில் பாதி முடிந்துவிட்டது என்று சிரித்தார்.

வடித்தெடுத்த அழுக்கு டீசலைப் பற்றியும் சொல்லவேண்டும். அதை முற்றத்தில் ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றியது கிணற்றுக்கு இறங்க அதிக காலம் எடுக்காது. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததால் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அழுக்கு டீசலை ஒரு போத்தலில் சில நாள் அடையவிட்டால் மேலே தெளிந்தது வரும். அதில் மண்வெட்டி, கலப்பைக் கொழு, சங்கிலி முதலியவற்றைத் துடைத்துத் துருப்பிடியாமல் வைக்கலாம். அடியிலுள்ள தண்ணீரையும் சளியையும் மூடியுள்ள தகரப்பேணியில் சேர்த்து, கராஜில் பழைய எஞ்சின் ஒயில் சேர்க்கும் பீப்பாவில் ஊற்றக் கொடுங்கள்.